குருட்டு இறாலும் காவல் மீனும்

18 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

எழுத்து கோணலாக இருக்கிறது. வரி மேலே ஏறுகிறது, பிறகு தானாகச் சரிகிறது. ‘ழ’ போடும்போது பேனா எங்கேயோ போய் வேறெங்கோ வந்து நிற்கிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். படிக்கப்போகிறவன் நான் ஒருவன்தான். ஆகவே, பச்சமுத்து, நீயே பொறுத்துக்கொள்.

எழுபது வயதுக்குமேல் எழுத்துக் கற்றவன் நான். பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் பொழுது சாய்ந்தபின் வகுப்பு நடந்தது. முதலில் என் பெயர், பிறகு என் பொண்டாட்டி சௌந்திரத்தின் பெயர், பிறகு ஊர்ப் பெயர். இப்போது திருச்செங்கோட்டில் ஒரு சுவரையும் விடுவதில்லை. சுவரில் இவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்று இத்தனை காலம் தெரியாது! பாதிச் சுவரில் மூலம், பௌத்திரம். மீதிச் சுவரில் கல்யாணம், காதுகுத்து. படித்துப் படித்துத் தனியாகச் சிரிக்கிறேன். “கெரகம் புடிச்சவனாட்டம் செவுத்தப் பாத்துச் சிரிக்காதீங்க” என்கிறாள் சௌந்திரம்.

தினமும் ஒரு வரியாவது எழுதினால் கை பழகும் என்று வகுப்பில் சொன்னார்கள். எழுதுகிறேன்.

21 ஆகஸ்ட்

என் வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

முப்பது வருடம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் டிரில்லராக இருந்தேன். ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் எங்கும் போர் போட்டேன். பாறைக்குள் பைப் இறங்கும்போது வரும் புழுதி மாவு மாதிரி இருக்கும். காலையில் கறுப்பாகப் போனவன் பொழுதோடு வெள்ளையாக வருவேன். இப்போது முதலாளியின் மகன் சிவக்குமாரின் ஆபீஸில் காவல். சேலம் ரோட்டில் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டரைப் போட வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் என் நாற்காலிக்கு எதிரே கடல் இருக்கிறது! சிவக்குமார் கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறார். உள்ளே கடல் தண்ணீர், பவளப்பாறை, கடல் மீன்கள். கடலையே பார்க்காதவன் நான். இப்போது தினமும் பார்க்கிறேன். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் மீன்களுக்கு மூச்சு முட்டிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

தொட்டியைக் கழுவ சேலத்திலிருந்து வாரம் ஒருமுறை மைதிலி என்ற பெண் வருகிறாள். வண்ண மீன் கடை வைத்திருக்கிறாள். கேட்டதற்கெல்லாம் சலிக்காமல் பதில் சொல்கிறாள்.

24 ஆகஸ்ட்

இன்று மைதிலி சொன்னதை மறப்பதற்குள் எழுத வேண்டும்.

தொட்டியின் மூலையில் மணலில் ஓர் ஓட்டை. அதன் வாசலில் விரல் நீள மீன் ஒன்று எப்போதும் நிற்கிறது. எங்கும் போவதில்லை. சோம்பேறி மீன் என்று நினைத்திருந்தேன். இன்று அதன் பின்னாலிருந்து ஓர் இறால் வந்தது. இரண்டு கையிலும் மணலை ஏந்திக்கொண்டு வந்து வெளியே கொட்டிவிட்டு மறுபடி உள்ளே போனது. அசல் புல்டோசர்.

“அந்த எறாலுக்குக் கண்ணு செரியாத் தெரியாதுங்கய்யா,” என்றாள் மைதிலி. “ஓட்ட தோண்டறது அதோட வேல. மீனுக்குத் தோண்டத் தெரியாது, ஆனா கண்ணு நல்லாத் தெரியும். ரெண்டும் ஒரே ஓட்டைல குடியிருக்குங்க. எறா வெளிய வந்தா மீசைய மீன் மேல வெச்சுக்கிட்டேதான் இருக்கும். ஆபத்துன்னா மீன் வால ஒரு ஆட்டு ஆட்டும். எறா உள்ள ஓடிரும்.”

“மீசைய எடுத்துட்டா?”

“எடுக்காதுங்க.”

நான் கண்ணாடிப் பக்கம் தலையை நீட்டினேன். மீன் வாலை ஆட்டியது. இறாலைக் காணவில்லை. மறுபடி வெகுநேரம் கழித்து ஒரு மீசை வெளியே வந்து மீனைத் தொட்டது. எனக்குக் கைதட்டத் தோன்றியது. தட்டினால் அதற்கும் உள்ளே ஓடுமே என்று சும்மா இருந்தேன்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

நேற்றுப் பார்த்ததிலிருந்து வேலுசாமி ஞாபகம்தான்.

வேலுசாமி ரிக்கில் எனக்கு ஜோடி. நான் லீவரில், அவன் பைப் மாட்டும் இடத்தில். கம்ப்ரஷர் சத்தத்தில் பேச்சுக் கேட்காது, புழுதியில் முகம் தெரியாது. அவன் ஸ்பேனரைப் போடும்போது நான் லீவரைத் தொட்டால் அவன் கை போய்விடும். அதனால் நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். அவன் தன் இடது காலை என் கால்மேல் வைத்துக்கொள்வான். கால் இருக்கும்வரை நான் லீவரைத் தொடமாட்டேன். எடுத்தால் ஓட்டுவேன். முப்பது வருடத்தில் அவன் பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன.

இதை அவனிடம் சொன்னேன். “அப்ப நா எறாவா மீனா?” என்றான். “எறாடா” என்றேன். “போடா, நீதான் எறா. மீச உனக்குத்தான் இருக்குது” என்றான்.

2 செப்டம்பர்

இன்று துப்புரவு மீன். நீலக் கோடு போட்ட சின்னக் குச்சி மீன். மஞ்சள் மீன் அதன் முன்னால் போய் அசையாமல் சாய்ந்து நிற்கிறது. குச்சி மீன் அதன் செதிலில், செவுளில் இருக்கும் பூச்சிகளைக் கொத்தித் தின்கிறது. இதற்கு வயிறு நிறைகிறது, அதற்கு அரிப்புப் போகிறது. கடலில் பெரிய பெரிய மீன்கள் வரிசையில் நிற்குமாம். வாயைப் பிளந்து காட்டுமாம். குச்சி மீன் வாய்க்குள் போய்ப் பல்லிடுக்கையெல்லாம் சுத்தம் செய்துவிட்டு வருமாம். பெரிய மீன் வாயை மூடாதாம். முடி வெட்டும் கடையில் நாம் கழுத்தைக் கொடுத்துக்கொண்டு உட்காருகிறோமே, அது மாதிரி.

பொழுதோடு வேலுசாமி வந்தான். எங்களுக்கும் ஒரு சுத்தம் உண்டு. ரிக்கில் இருந்த நாளிலிருந்து கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவது வழக்கம். தூசி மருந்து என்போம். அது விட்டால்தான் கண் சிவப்புப் போய்க் குளிர்ச்சியாக இருக்கும். தனக்குத் தானே விட்டால் கன்னத்தில்தான் விழும். அதனால் எனக்கு அவன் விடுவான், அவனுக்கு நான் விடுவேன். இரண்டு பேருக்கும் மருந்துக் கடையில் வாங்கி வருவது அவன். வேலையை விட்டும் இந்தப் பழக்கம் விடவில்லை. விடாவிட்டால் கண் உறுத்துகிறது.

கண்ணை விரித்துக்கொண்டு அண்ணாந்திருந்தேன். மஞ்சள் மீன் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். மருந்து மூக்கில் போயிற்று. “ஆடாம இர்றா கெழவா” என்று தலையில் தட்டினான்.

9 செப்டம்பர்

கடலில் ஒரு வேஷக்கார மீனும் உண்டாம். துப்புரவு மீனின் அதே நீலம், அதே கோடு, அதே ஆட்டம். பெரிய மீன் நம்பி வந்து அசையாமல் நிற்கும். வேஷக்காரன் பூச்சியைத் தொடாமல் சதையைக் கடித்துக்கொண்டு ஓடிவிடுமாம்.

“நெசத் துப்புரவு மீனும் சும்மா இல்லீங்கய்யா,” என்றாள் மைதிலி. “ஆள் பாக்கலைன்னா அதுவும் ஒரு கடி கடிக்கும். கடிச்சுட்டு முதுகத் தடவிக் குடுக்கும்.”

மீன்கூடவா?

14 செப்டம்பர்

மைதிலி ஒவ்வொரு உயிரின் பெயரையும் அட்டையில் அச்சடித்துத் தொட்டிமேல் ஒட்டினாள். நான் படித்துக் காட்டினேன். க... ட... ல்... சா... ம... ந்... தி. பூ மாதிரி விரிந்து ஆடுமே, அந்தப் பிராணி. நன்றாகத்தான் படித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“ஐயா, பக்கத்து எழுத்து உங்களுக்குத் தெரியலீங்களா?”

“அடுத்ததுக்குப் போனாத்தானே தெரியும், அம்மிணி?”

“ஒரு வார்த்தைய மொத்தமாப் பாக்க முடியாதுங்களா?”

படிப்பது என்றால் அப்படித்தானே? கேசிங் பைப்புக்குள் பார்ப்பது மாதிரி ஒரு எழுத்து தெரியும். பைப்பை நகர்த்தினால் அடுத்தது தெரியும். எல்லாரும் அப்படித்தான் படிக்கிறார்கள், பழகினவர்கள் பைப்பை வேகமாக நகர்த்துகிறார்கள் என்று நினைத்திருந்தேன். அதைச் சொன்னேன். அவள் என் முகத்துக்கு இரண்டு பக்கமும் கையை வைத்து, “வெரல் தெரியுதுங்களா?” என்றாள்.

எந்த விரல்?

கல்யாண மண்டபத்தில் கண் முகாம் போடுகிறார்கள், கட்டாயம் போங்கள் என்றாள்.

22 செப்டம்பர், ஞாயிறு

முகாமுக்குப் போனேன். சௌந்திரமும் வந்தாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கண்ணுக்குள் அழுத்தம் அதிகமாகிவிட்டது என்றார். எனக்குப் புரிந்தது. கம்ப்ரஷரில் அழுத்தம் ஏறினால் ஹோஸ் எங்கே பலவீனமோ அங்கே போகும். இங்கே நரம்பு போயிருக்கிறது. ஓரம் எல்லாம் போய் நடுவில் கொஞ்சம் இருக்கிறது. போனது வராது. இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம்.

“கண்ணுக்கு ஏதாச்சும் மருந்து விடுவீங்களா?”

இடுப்பிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். எத்தனை நாளாக என்றார். எத்தனை வருடமாக என்று கேட்க வேண்டும் என்றேன். அவர் பாட்டிலை மேஜைமேல் வைத்தார். சிவப்பை எடுத்துக் குளிர்ச்சி கொடுக்கும் மருந்துதான், டாக்டர் பார்க்காமல் வருடக்கணக்கில் விட்டால் அழுத்தத்தை ஏற்றிவிடும், வலியே தெரியாது என்றார். இன்றோடு நிறுத்த வேண்டும். வேறு மருந்து கொடுத்தார்.

“இன்னொருத்தனும் இதையேதாங்க ஊத்தறான்” என்றேன்.

“உடனே கூட்டிட்டு வாங்க” என்றார்.

வேஷக்கார மீன். அதே பாட்டில், அதே குளிர்ச்சி.

23 செப்டம்பர்

இன்று எழுத ஒன்றும் இல்லை. மீன்கள் நன்றாக இருக்கின்றன.

25 செப்டம்பர்

வேலுசாமியிடம் எப்படிச் சொல்வது?

வாங்கி வந்தவன் அவன். எனக்கு ஒருநாள்கூட மருந்து தீர்ந்ததில்லை. பொண்டாட்டி செத்த அன்றைக்கும் சாயங்காலம் வந்து எனக்கு விட்டுவிட்டுத்தான் போனான். இந்த ஆளிடம் போய், நீ கொண்டுவந்தது என் கண்ணைத் தின்றுவிட்டது என்றால்?

சுற்றி வளைத்தேன். கண் முகாமுக்குப் போய்வந்தேன், நீயும் ஒருமுறை சேலத்துக்கு வா என்றேன்.

“எனக்கு எதுக்கு? அந்தச் செவுத்துப் பல்லிக்கு எத்தன காலுன்னு சொல்லட்டுமா?”

“எல்லாப் பல்லிக்கும் நாலுதாண்டா.”

“அப்ப செரியாத்தானே சொல்லுவேன்!”

இரண்டு பேரும் சிரித்தோம். மருந்தை எடுத்தான். எனக்கு டாக்டர் வேறு கொடுத்திருக்கிறார், இனி இது வேண்டாம் என்றேன். அவன் முகம் சுருங்கியது. “நா வாங்கியாந்தது ஆகாமப் போச்சா? செரி, எனக்கு ஊத்து.”

கை நடுங்குகிறது என்று சொல்லி ஊற்றவில்லை. போகும்போது அவனே அண்ணாந்து ஊற்றிக்கொண்டு போனான். பாதி கன்னத்தில்.

3 அக்டோபர்

இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதுகிறேன்.

தினமும் காலையில் வேலுசாமி கடைகளுக்கு முட்டை போடுவான். டிவிஎஸ் வண்டி. முன்னால் கால் வைக்கும் இடத்தில் முட்டைத் தட்டுகள், பின்னால் நான். ஆபீஸில் என்னை இறக்கிவிட்டுப் போவான். இன்று தண்ணீர் குடிக்க உள்ளே வந்தான். மூலை ஓட்டையைக் காட்டலாம் என்று, “வேலு, நா சொல்லுவனே அந்த ஜோடி, இங்க வா பாரு” என்று கூப்பிட்டேன்.

மூக்கு கண்ணாடியில் இடிக்கக் குனிந்தான்.

“அட ஆமா மாப்ள! ரெண்டும் எப்படி ஒட்டிக்கிட்டு நிக்குது! புருசம் பொண்டாட்டியாட்டம்.”

“எறா என்ன பண்ணுது?”

“மண்ணள்ளுது. நல்ல சுறுசுறுப்பு.”

அங்கே மணல் மட்டும்தான் இருந்தது. இன்று முழுதும் இரண்டும் வெளியே வரவில்லை.

அவன் போனபின் நாற்காலியில் உட்கார்ந்தேன். ரோட்டில் போகும்போது அவன் தினமும் கேட்பது ஞாபகம் வந்தது. “எதுக்கால எவனாச்சும் வாரானா மாப்ள?” பேச்சுக்குக் கேட்கிறான் என்று நினைத்து, “ஒருத்தனும் இல்ல, போ” என்பேன். “வலதுல லாரி” என்பேன். நானோ என் பைப்புக்குள் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறேன்.

ரோட்டில் அவனை நான் காவல் மீன் என்று நினைத்திருந்தேன். அவன் என்னை அப்படி நினைத்திருக்கிறான்.

4 அக்டோபர்

சௌந்திரத்திடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“மொதல்ல வண்டிய நிறுத்துங்க. மத்ததெல்லாம் பொறவு.”

“கோவிச்சுக்குவான்.”

“கோவிச்சுக்கட்டுமுங்க. செத்தா கோவிச்சுக்க ஆள் இருக்குமா?”

6 அக்டோபர், ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

பொழுதோடு புதுப் பாட்டில் கொண்டு வந்தான். கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

“வேலு, இந்த மருந்துதான் என்ற கண்ணத் தின்னுருக்குது. உன்றதையும் தின்னுது. நிறுத்திரு.”

“எவன் சொன்னான்?”

“டாக்டரு.”

“அப்ப நாந்தான் உன்ற கண்ண அவிச்சனா?”

“எனக்கு நீ ஊத்துன. உனக்கு நா ஊத்துனேன். நம்ம ரெண்டு பேருக்குமே தெரியலடா.”

“எனக்கு ஒண்ணுமில்ல. கண்ணு நல்லாருக்குது.”

“எறா அன்னிக்கு வெளிய வரவே இல்ல, வேலு.”

அவன் புதுப் பாட்டிலை மடியில் செருகிக்கொண்டான். அடுப்படியில் சௌந்திரம் கரண்டியை வைத்த சத்தம் கேட்டது. எழுந்தான். வாசலில் வண்டி நின்ற இடத்துக்குப் பக்கத்தில் போய்க் கையால் துழாவினான். ஹேண்டில் கிடைத்தது.

“நாளைக்கு வண்டி வேண்டாண்டா. முட்டைய ஆட்டோவுல போட்டுரலாம்.”

“உன்னய ஏத்தாமப் போனா எனக்குப் பாரம் கொறையும். போ.”

7 அக்டோபர், திங்கள்

காலையில் வரவில்லை. நான் நடந்தே ஆபீஸ் போனேன்.

வழியில் கூட்டம். ரோட்டோரம் ஒரு ரிக் லாரி நின்றிருந்தது. பைப்புகள் பின்னால் நீட்டிக்கொண்டு. எங்கள் வண்டி மாதிரியே. அதற்குக் கீழே டிவிஎஸ். ரோடெல்லாம் மஞ்சள், வெள்ளை — வழுக்குகிறது — நான் வழுக்கி விழுந்தேன் — முட்டை என்று தெரியவே நேரமாயிற்று. அவனைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு செருப்பு கிடந்தது. எடுத்து வைத்திருக்கிறேன்.

உயிர் இருக்கிறதாம். உயிர் இருக்கிறதாம்.

ஏண்டா பச்சமுத்து, அவன முன்னால போக உட்டுட்டியே.

10 அக்டோபர்

வலது கால் மூன்று இடத்தில் முறிந்திருக்கிறது. தகடு வைத்திருக்கிறார்கள். நெற்றியில் தையல். கண்ணையும் பார்த்தார்கள். இடது கண் முழுதும் போய்விட்டது. வலது கண்ணில் என்னைவிடக் குறைவு. இவர் எப்படி ஐயா வண்டி ஓட்டினார் என்று கேட்டார்கள். அவன் மகள் ஜோதி என்னைப் பார்த்தாள். நான் கீழே பார்த்தேன்.

எப்படி ஓட்டினான் என்று எனக்குத் தெரியும். அவன் முன்னால், நான் பின்னால். இரண்டு பைப்பு வழியாகப் பார்த்து ஒரு வண்டியை ஓட்டியிருக்கிறோம். திங்கட்கிழமை ஒரு பைப்பு வண்டியில் ஏறவில்லை.

சொல்லாமல் இருந்திருந்தால்? மிச்சத்தையும் மருந்து தின்றிருக்கும். சொன்னதால்? இது. வேறு மாதிரி சொல்லியிருக்கலாமோ. எப்படி? நானும் எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன்.

வேலுசாமி என்னோடு பேசவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான்.

17 அக்டோபர்

இன்னொரு கெட்ட செய்தி. இதுவும் என்னால்தான்.

நேற்று மாதக் கரண்ட் நிறுத்தம். காலையிலிருந்து சாயங்காலம்வரை. ஜெனரேட்டரைப் போடுவது என் வேலை. நான் ஆஸ்பத்திரியில் வேலுசாமியின் கட்டிலோரம் இருந்தேன். கரண்ட் நிற்கும் என்று ஆபீஸ் போர்டில் எழுதிப்போட்டிருந்தார்கள். முந்தின நாள் நானே எழுத்துக் கூட்டிப் படித்துச் சந்தோஷப்பட்டேன்! படித்ததை மறந்துவிட்டேன்.

தொட்டி வெந்நீர் மாதிரி இருந்தது. மஞ்சள் மீன், துப்புரவு மீன், கடல் சாமந்தியில் குடியிருந்த ஆரஞ்சு மீன்கள் எல்லாம் மிதந்தன. காவல் மீன் மட்டும் மிதக்கவில்லை. ஓட்டை வாசலில் கிடந்தது. தலை வெளியே, வால் உள்ளே.

சிவக்குமார் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “உடுங்கண்ணா, போனது போச்சு” என்றார். கொஞ்சம் கழித்து, “கண்ணு செரியில்லாம நீங்க எதுக்குங்கண்ணா இங்க வந்து சிரமப்படோணும்? ஊட்ல இருங்க” என்றார். நல்ல மனிதர். அவர் அப்பாவும் நல்ல மனிதர்.

வீட்டுக்கு வந்துவிட்டேன்.

19 அக்டோபர்

மைதிலி தொட்டியைக் காலி செய்ய வந்தாளாம். போகும்போது வீட்டுக்கு வந்தாள். கையில் தண்ணீரும் காற்றும் நிரப்பிய பிளாஸ்டிக் பை. உள்ளே இறால்.

“இது மட்டும் ஓட்டைக்குள்ள இருந்துச்சுங்கய்யா. பொழைச்சுருச்சு.”

பையைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பைப்பை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். இரண்டு மீசையும் இங்கும் அங்கும் ஆடிக்கொண்டே இருந்தன. பிளாஸ்டிக்கைத் தொட்டன. மறுபடி தேடின.

“மீனில்லாம இருக்குமா, அம்மிணி?”

“இருக்குமுங்க. ஆனா வெளிய வர பயப்படும். உள்ளயே கெடந்து பட்டினி கெடக்கும். என்ற கடைல இன்னொரு மீன் வருதுங்க. சேத்து உட்டுப் பாக்கறேன்.”

“அந்த மீன இது ஏத்துக்குமா?”

“சிலது ஏத்துக்கும். சொல்ல முடியாதுங்கய்யா.”

12 நவம்பர்

ஜோதி அவனை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள். தினமும் போகிறேன். கட்டிலோரம் உட்காருகிறேன். பேசுவதில்லை. நான் வாசலில் நுழையும்போது மட்டும் தலையை இந்தப் பக்கம் திருப்புகிறான். செருப்புச் சத்தம் தெரிகிறது போலிருக்கிறது.

மருந்தை விட்டானா என்று ஜோதியிடம் கேட்டேன். பாட்டிலைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தானாம். அவள் பிடுங்கி எறிந்தாளாம். “கண்ணு எரியுது, ஊத்துனாத்தான் குளுகுளுன்னு இருக்குது” என்று அழுதானாம். வேலுசாமி அழுது நான் பார்த்ததில்லை.

29 நவம்பர்

இரண்டு வாரம் எழுதவில்லை. பைப்பு இன்னும் சின்னதாகிவிட்டது. முன்பு ஒரு எழுத்து முழுதாகத் தெரிந்தது. இப்போது ‘ணை’ போன்றது இரண்டு தவணையாகத் தெரிகிறது. எழுதிய வரிமேலேயே மறுபடி எழுதிவிடுகிறேன்.

சௌந்திரம் ஒரு வேலை செய்தாள். அவள் பிறந்த ஊர் ஆட்டையாம்பட்டி, வீட்டில் தறி. ஓர் அட்டையில் குறுக்காக நூல் நூலாக இழுத்துக் கட்டிக் கொடுத்திருக்கிறாள். தாளை அடியில் வைத்து, இரண்டு நூலுக்கு நடுவில் எழுத வேண்டும். பேனா நூலில் இடிக்கும். பார்க்காமலே வரி நேராகப் போகிறது!

எழுதிக் காட்டினேன். “இப்பத்தானுங்க எழுத்து கோணலில்லாம இருக்குது” என்றாள். சொல்லிவிட்டு முந்தானையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

6 டிசம்பர், வெள்ளி

இன்று வேலுசாமியைச் சேலம் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இனி வெள்ளிதோறும் இரண்டு பேருக்கும் அங்கே வேலை. ஜோதிக்கு மில்லில் லீவு இல்லை. நான் கூட்டிப் போகிறேன் என்றேன். “நீங்களாங்க பெரியப்பா?” என்றாள். எனக்கு இன்னும் கொஞ்சம் தெரியும், எழுத்தும் படிப்பேன் என்றேன்.

அவன் கம்பை ஊன்றி, மறு கையை என் தோளில் வைத்து நடந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பஸ்ஸின் முகத்துக்கு நேரே போய் நின்று போர்டைப் படித்தேன். சே... ல... ம்...

“பெருசு, நீ படிச்சு முடிக்கறதுக்குள்ள பஸ்ஸு போயிட்டு வந்துரும்” என்றான் கண்டக்டர்.

“போயிட்டு வரட்டும் சாமி, அப்பவும் அதேதானே எழுதியிருக்கும்.”

சிரித்துக்கொண்டே கைகொடுத்து ஏற்றிவிட்டான்.

ஜன்னலோரம் அவன், பக்கத்தில் நான். பஸ் அவன் விழுந்த இடத்தைத் தாண்டியது. நான் அவனிடம் சொல்லவில்லை. அவனுக்கு எப்படித் தெரிந்ததோ, கம்பை இறுக்கிப் பிடித்தான். பிறகு எழுந்தான். என்னடா என்றேன். என்னைத் தள்ளி ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, தகடு வைத்த காலை வழியில் நீட்டி, நல்ல காலை என் பக்கம் கொண்டுவந்தான். செருப்பைக் கழற்றினான். காலைத் துழாவி என் கால்மேல் வைத்தான்.

ஆட்டையாம்பட்டி வரும்வரை எடுக்கவில்லை. நானும் அசையவில்லை.

அங்கே பஸ் நின்று கிளம்பும்போது கேட்டான்: “எதுக்கால எவனாச்சும் வாரானா மாப்ள?”

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு பைசா அளவு வெளிச்சத்தில் ஒரு புளியமரம், ஒரு ஆடு.

“ஒருத்தனும் இல்ல. போ” என்றேன்.

டாக்டர் சொன்னதை இன்று எழுதவில்லை. சொல்லும்படி நல்லதாக ஒன்றும் இல்லை. நேரமாகிவிட்டதால் மைதிலியின் கடைக்கும் போக முடியவில்லை. புது மீன் வந்துவிட்டதாம், போனில் சொன்னாள். ஓட்டை வாசலில் நிற்கிறதாம். இறால் இன்னும் வெளியே வரவில்லையாம். வரும் வெள்ளிக்கிழமை முதலில் அங்கே போய்ப் பார்த்துவிட்டு, மீசையை வைத்ததா இல்லையா என்று இந்த நூலுக்கு அடுத்த நூலில் எழுதுவேன்.